கெமராக் கண்ணாடியில் தேயிலைத் தூள்

எனக்குச் சந்தேக புத்தி. அத முதல்லயே சொல்லிப்புடுறேன். பின்னாடி யாரும் வந்து "துஷ்யந்தி ஒரு மாதிரி, எல்லாரையும் சந்தேகப்படுவா"ன்னு சொல்ல வேணாம். ஆமா, படுவேன். தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுல பொறந்து வளர்ந்தவளுக்கு இந்தப் புத்தி இல்லைன்னா, அவ எடுத்த கொழுந்து இன்னொருத்தி பேர்ல ஏறிப் போயிரும்.

சும்மா சொல்லலை. எங்கம்மா பூவம்மா தெமோதரைப் பக்கம் ஒரு தோட்டத்துல கொழுந்து எடுத்தவ. நிறுக்கிற எடத்துல சாக்கு எல்லாம் ஒண்ணா குமிஞ்சு கெடக்கும். எல்லாம் ஒரே பச்சை. எது யாரோடதுன்னு கணக்கப்பிள்ளை சொல்றதுதான். அதனால பொம்பளைங்க சாக்குக்கு அடியில ஏதாவது ஒரு அடையாளம் போட்டு வச்சிருப்பாங்க. ஒருத்தி மானாப்புல்லை முடிச்சுப் போடுவா, இன்னொருத்தி குச்சிய ஒடிச்சு வைப்பா. எங்கம்மா பழைய சீலைக் கரையிலருந்து உருவின செவப்பு நூலைப் போடுவா. சண்டை வந்துச்சுன்னா சாக்கைக் கவுத்துக் காட்டலாம். இது யாரும் பேசி வச்சுக்கிட்ட வழக்கம் இல்லை. ஆனா எல்லாரும் செய்வாங்க. கொழுந்து கொறைஞ்சா அன்னைக்கு அரைப்பேர்தான், அரை நாள் சம்பளந்தான். அரைப்பேரோட வந்த நாள்ல எங்கம்மா அடுப்புக்கு முன்னாடி குந்தி மூக்கைச் சிந்திக்கிட்டே ரொட்டி சுடுவா.

இப்ப எனக்குப் பேருக்கு முன்னாடி கலாநிதின்னு போடலாம், பிஎச்டி பட்டம். லயத்துலருந்து போயி வானியல்ல அந்தப் பட்டம் வாங்கின மொதப் பொம்பளைன்னு ஒரு பேப்பர்ல படத்தோட போட்டாங்க. எங்க வானியல் நிலையத்துல அந்தப் பேப்பரை மேசையில விரிச்சு, அதுமேல பணிசு வச்சுத் தின்னாங்க. எம் மூஞ்சி மேலதான் சீனி கொட்டுச்சு.

நிலையம்னா என்னமோ ஏதோன்னு நெனைக்க வேணாம். தெமோதரைக்கு மேல மலையில மூடிக் கெடந்த பழைய தேயிலை ஸ்டோர், தூள் அரைச்ச பெக்டரி. கொழுந்து வாட்டுற மேல்தட்டுல கூரையைத் தொறக்கிற மாதிரி செஞ்சு, டெலஸ்கோப்ப வச்சிருக்காங்க. மெசினெல்லாம் எப்பவோ இரும்புக்குப் போயிருச்சு, தூள் மட்டும் போகலை. எத்தனை தடவை கூட்டினாலும் பலகை இடுக்குலருந்து தேயிலைத் தூள் வந்துக்கிட்டே இருக்கும். டெலஸ்கோப்ல மாட்டியிருக்கிற கெமராவுக்கு முன்னாடி சின்னதா ஒரு கண்ணாடி இருக்கு. அதுல ஒரு பொட்டுத் தூள் ஒட்டினாப் போதும், எடுக்கிற படத்துல எல்லாம் அதே எடத்துல மங்கலா ஒரு வளையம் விழும். அதே தூளோட வெள்ளைத் துணியை ஒரு படம் எடுத்து வச்சுக்கிட்டா கொம்பியூட்டர் அந்த வளையத்தை அழிச்சுக் குடுத்துரும். அந்தத் துணிப்படம் இல்லைன்னா வளையம் அப்படியே கெடக்கும்.

எங்க பணிப்பாளர் கலாநிதி சிவசுப்பிரமணியம், எங்க எல்லாருக்கும் "சேர்". பூர்வீகம் யாழ்ப்பாணம், ஆனா பதுளையில ரொம்பக் காலமா இருக்காரு. கெட்ட வார்த்தை ஒண்ணு அவரு வாயில வந்து நான் கேட்டதில்லை. என்னை "பிள்ளை"ன்னுதான் கூப்பிடுவாரு. அந்த மரியாதைதான் எனக்குப் பயம். ஏசுற ஆளை நம்பலாம், அவரு என்னா நெனைக்கிறாருன்னு தெரிஞ்சிரும்.

வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கே சொல்லிட்டாரு. "பிள்ளை, இரவில பெண்பிள்ளையள் இங்க நிக்கிறது சரிவராது. ஏதும் நடந்தால் நான்தான் பதில் சொல்லவேணும். நீர் பின்னேரத்தில வேலை செய்யும், கடைசி பஸ்ஸைப் பிடிச்சுப் பதுளைக்குப் போம்." ராத்திரி வானம் முழுக்க பிரவீனனுக்கு. பதுளை பசார்ல புடவைக்கடை வச்சிருக்கிற வீட்டுப் பையன். என்னைவிட இளையவன், இன்னும் பட்டம் முடிக்கலை. எனக்குக் கெடைச்சது இருட்டினதுலருந்து கடைசி பஸ் வரைக்கும். அது போக ஸ்கூல் புள்ளைங்க வந்தா சுத்திக் காட்டுறது நான். விருந்தாளி வந்தா தேத்தண்ணி நான். இதுக்கெல்லாம் "பிள்ளை நல்லா சமாளிப்பா"ன்னு ஒரு பேச்சு வேற.

கேட்டுல இன்னொரு கூத்து. வாச்சர் ஜெஸீம் நானா வேலை முடிஞ்சு போகைக்க என் பையைத் தொறந்து பாப்பாரு. எம் பையை மட்டுந்தான். ஒருநாள் கேட்டுட்டேன். "சேர் சொல்லி ஈக்காரு மிஸ், நான் என்ன செய்ய"ன்னு கண்ணைப் பாக்காம சொன்னாரு. ஸ்டோர் ஓடின காலத்துல அதே கேட்டுல பொம்பளைங்க மடியில தூள் இருக்கான்னு தடவிப் பாப்பாங்களாம். தூள் போயி டெலஸ்கோப் வந்தும் கேட்டு மாறலை. பென் ட்ரைவ் கொண்டு போகவும் எனக்கு அனுமதி இல்லை.

சரி, குடுத்த நேரத்துல என்னா செய்யலாம்னு யோசிச்சேன். இருட்டினதும் மேற்கால மலைக்குப் பின்னாடி எறங்கப் போற நட்சத்திரக் கூட்டங்களை ராத்திரி ஆளுங்க சீண்ட மாட்டாங்க. அவங்க வரைக்க அது எறங்கிப் போயிருக்கும். அதை நான் எடுத்துக்கிட்டேன். அந்திக்கு அந்திக்கு படம் எடுத்து, பழைய படத்தோட ஒப்பிட்டுப் பாப்பேன். எங்கயாவது தூரத்துல ஒரு நட்சத்திரம் வெடிச்சா, இல்லாத எடத்துல புதுசா ஒரு புள்ளி தெரியும். யாரு முதல்ல பாத்து உலகத்துக்குச் சொல்றாங்களோ அவங்க பேர்லதான் அது பதிவாகும்.

கார்த்திகை மழை தொடங்குறதுக்கு முந்தி ஒரு அந்தியில அந்தப் புள்ளி வந்துச்சு.

படத்துல கீழ எடது பக்கம் தூள் வளையம். மேல வலது பக்கம், கூட்டத்தோட ஓரத்துல, ஊசி குத்தின மாதிரி ஒரு வெளிச்சம். பழைய படத்துல அது இல்லை. ரெண்டு படத்தையும் மாத்தி மாத்திப் பாத்தேன். துணிப்படம் எடுக்கிறதுக்குள்ள கடைசி பஸ்ஸுக்கு நேரமாயிருச்சு. உலகத்துக்கு அறிவிக்கணும்னா நிலையத்தோட கணக்கு வழியாத்தான் அனுப்பணும், அதோட கடவுச்சொல் சேர்கிட்ட. மறுநாள் வெள்ளனா படத்தைக் காட்டினேன்.

அவரு ரொம்ப நேரம் பாத்தாரு. மூக்குக்கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுப் போட்டுக்கிட்டுத் திரும்பப் பாத்தாரு. அவ்வளவு நேரம் பாத்தது அப்பவே எனக்கு உறுத்துச்சு.

"தூசு, பிள்ளை"ன்னாரு. "இந்த வளையமும் தூசு, அந்தப் புள்ளியும் தூசு."

"தூசுன்னா வளையமாத்தானே சேர் விழும்? இது புள்ளி. நட்சத்திரந்தான் புள்ளியா விழும்."

"நட்சத்திரம் எண்டால் பிரவீனன் வந்து பாக்கட்டும். இண்டைக்குத்தானே வாறார். நாளைக்கு அமைச்சர் வாறார், கெமராவைக் கழட்டி வடிவாத் துடையும். மேல்தளத்தையும் ஒருக்காக் கூட்டிவிட்டால் நல்லது. உம்மட கைக்குத்தான் அது வரும்."

பிரவீனன் தங்கச்சி கல்யாணத்துக்கு திருச்சிக்குப் போயிருந்தான். நான் படம் எடுத்த அந்தியில அவன் இந்த நாட்டுலயே இல்லை. இத ஞாபகம் வச்சுக்குங்க.

அன்னைக்கு எனக்கு என்னா ஆச்சுன்னு இப்பவும் எனக்கே கோவம் வரும். ஃபோன்ல அந்தப் படத்தை ஒரு தடவை எடுத்து வச்சிருக்கலாம். செய்யலை. ஊரையே சந்தேகப்படுறவ, அன்னைக்கு மட்டும் என்னைய நானே சந்தேகப்பட்டேன். அவ்வளவு பெரிய மனுசன் தூசுன்னு சொல்றாரே, தூசா இருந்தா மானம் போயிருமேன்னு வாயை மூடிக்கிட்டேன். கெமராவைக் கழட்டி மெல்லிசுத் துணியால கண்ணாடியைத் தொடைச்சேன். தூள் துணியில ஒட்டிக்கிட்டு வந்துச்சு. மேல்தளத்தையும் கூட்டினேன்.

அந்தியில பிரவீனன் வந்தான், கல்யாண வீட்டு முறுக்குப் பொட்டலத்தோட. நான் தொடைச்சது சரியான்னு பாக்கச் சொல்லி சேர் அவனை அனுப்பியிருந்தாரு. கலாநிதிப் பட்டம் வாங்கினவ தொடைச்சதை சரிபாக்க ஒரு ஆம்பளை வேணும் பாருங்க. வெள்ளைத் துணியைக் கட்டி ஒரு படம் எடுத்தான். மூலைக்கு மூலை பளிச்சுன்னு இருந்துச்சு. அத அப்பவே நிலையத்து வாட்ஸ்அப் குரூப்ல போட்டான்: "துஷ்யந்தி அக்காவோட கைவண்ணம். தேடினாலும் ஒரு பொட்டுத் தூசு கெடையாது." பக்கத்துல ஒரு வெளக்குமாத்துப் படம். எல்லாரும் சிரிச்சு வச்சாங்க. சேர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாரு. எனக்கு எரிஞ்சுச்சு. ஆனா அழிக்கலை. நான் எதையும் அழிக்க மாட்டேன்.

அமைச்சர் வந்தாரு, கேக் வெட்டினாரு, போனாரு. அன்னைக்கே மழை பிடிச்சிருச்சு. அடுத்த நாள் என்னை வெலிமடையில ஒரு ஸ்கூலுக்குப் பேச அனுப்பினாங்க. போகைக்கயும் மழை, வரைக்கயும் மழை. பஸ்ல லீக்ஸ் மூட்டைக்கு நடுவுல ஒரு கால்ல நின்னுக்கிட்டு, அந்தப் புள்ளியைப் பத்தியே நெனைச்சுக்கிட்டு வந்தேன். தூசு இல்லை, அது தூசே இல்லைன்னு பஸ் குலுங்குற குலுக்குல எனக்குத் தெளிஞ்சுச்சு.

மறுநாள் கொம்பியூட்டரைத் தொறந்தா படம் இல்லை. அன்னைக்கு அந்தியில நான் எடுத்த எல்லாம் இருக்கு, அது ஒண்ணு மட்டும் இல்லை.

நேரா ஜெஸீம் நானாகிட்டப் போனேன். மேல போக அவருகிட்டத்தானே சாவி இருக்கு? "நான் இல்லாத நாள்ல யாரை மேல விட்டீங்க? எவ்வளவு நாளா எம் பையை நோண்டுறீங்க, எம் படமும் உங்க கையிலதானா போச்சு?"ன்னு கத்திட்டேன். அவரு கதிரையை விட்டு எந்திரிச்சாரு.

"ஒங்கட பையைப் பாக்குறது எனக்கும் வெக்கம்தான் மிஸ். அதுக்காக என்னைக் கள்ளன் எண்டு சொல்லாதீங்க. நேத்து பகல் சேரும் பிரவீனன் தம்பியும்தான் மேல ஈந்தாங்க. கதவைச் சாத்திக்கிட்டு ஈந்தாங்க. அவங்கட பையை நான் பாக்குற இல்லையே."

எனக்கு மூஞ்சி செத்துப் போச்சு. மன்னிப்பும் கேக்கலை, நம்பவும் இல்லை. சொல்லச் சொல்லி யாராவது சொல்லிக் குடுத்திருப்பாங்களோன்னு அதையும் ஒரு பக்கம் நெனைச்சேன். எம் புத்தி அப்படி.

அன்னைக்கு அம்மா எனக்கு ஃபோன் எடுத்தா. புள்ளி தெரிஞ்ச அன்னைக்கே அவகிட்ட மட்டும் சொல்லியிருந்தேன். எடுத்ததும் ஒரே கேள்வி: "பேரு போட்டாங்களா?"

"இல்லம்மா."

"சாக்கை விட்டுட்டு எங்கயாச்சும் போனியா?"

வெலிமடைக்குப் போனதைச் சொன்னேன். அம்மா மூக்கைச் சிந்துறது கேட்டுச்சு.

அடுத்த கெழமை, பத்திரிகைக்காரங்களை நிலையத்துக்குக் கூப்பிட்டாங்க. என்னாத்துக்குன்னு எனக்குச் சொல்லலை. "பிள்ளை, வாறவைக்குத் தேத்தண்ணி பாரும்"னு மட்டும் சொன்னாரு சேர். நான் பின்னாடி தேத்தண்ணி ஊத்திக்கிட்டு இருக்கைக்க, முன்னாடி அவரு எந்திரிச்சு, எங்கட இளம் ஆராய்ச்சியாளர் பிரவீனன் தூரத்தில வெடிச்ச ஒரு நட்சத்திரத்தைக் கண்டுபிடிச்சிருக்கிறார்னு சொன்னாரு. அறிக்கை இண்டைக்கு இரவு போகுதாம். எல்லாரும் கை தட்டினாங்க. தெரையில படத்தைப் போட்டாங்க.

மேல வலது பக்கம் எம் புள்ளி.

கீழ எடது பக்கம் எந் தூள் வளையம்.

தேத்தண்ணி கோப்பையில நெறைஞ்சு என் கையில ஊத்திருச்சு. சுட்டது கூடத் தெரியலை. அந்த வளையத்தைப் பாத்ததும் எங்கம்மாவோட செவப்பு நூல்தான் எனக்கு ஞாபகம் வந்துச்சு. நான் போட்ட அடையாளம் இல்லை, தானா விழுந்தது. ஆனா சாக்கு யாரோடதுன்னு அது சொல்லிருச்சு. துணிப்படம் இல்லாம அவனால அத அழிக்க முடியலை.

கோப்பையை வச்சுட்டு முன்னாடி நடந்து போனேன்.

"பிரவீனன், இந்தப் படம் என்னைக்கு எடுத்தது?"

அவன் சேரைப் பாத்தான். "அமைச்சர் வந்துட்டுப் போன மறுநாள் அக்கா. அந்தியில கொஞ்ச நேரம் மழை விட்டுச்சு. நீங்க வெலிமடைக்குப் போன அன்னைக்கு."

"நீயேதான் எடுத்தியா?"

"ஆமாக்கா."

"கீழ இருக்கிற வளையம் என்னா?"

"தூசு."

"பிள்ளை, கேள்வியளைப் பிறகு வைச்சுக்கொள்ளுவம்"னு சேர் சிரிச்சுக்கிட்டே சொன்னாரு.

"இல்ல சேர், ஒரு சின்னக் கேள்விதான். அமைச்சர் வாறதுக்கு முந்தின நாள் நான் தொடைச்சேனே, பொறகு எப்படித் தூசு?"

"நீர் ஒழுங்காத் துடைக்கேல்லைப் போல."

நாலு பேரு சிரிச்சாங்க. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் காத்துக்கிட்டு இருந்தேன். என் ஃபோனை எடுத்து, முன் வரிசையில இருந்த பொண்ணுகிட்டக் குடுத்தேன். ஷம்ரான்னு பேரு, பதுளைச் செய்திக்காரி. "இத சத்தமா வாசிங்க. யாரு எந்தத் தேதியில போட்டதுன்னும் சொல்லுங்க."

அவ வாசிச்சா. தேதி, பிரவீனன் பேரு, துஷ்யந்தி அக்காவோட கைவண்ணம், தேடினாலும் ஒரு பொட்டுத் தூசு கெடையாது. சேரோட கட்டை விரலையும் சொன்னா. பளிச்சுன்னு இருந்த அந்த வெள்ளைப் படத்தைத் தெரைக்கு நேரா தூக்கிப் பிடிச்சா.

"தொடைச்சதுக்குப் பொறகு அந்த எடத்துல தூள் இல்லைன்னு பிரவீனனே சொல்லியிருக்கான்"னேன். "இதே வளையம் இதே எடத்துல, அதுக்கு முந்தி நான் எடுத்த மத்தப் படங்கள்லயும் இருக்கு. அப்ப இந்தப் படம் தொடைக்கிறதுக்கு முந்தி எடுத்தது. முந்தி இவன் திருச்சியில இருந்தான். அந்தி வேலைக்கு இங்க இருந்தது நான் மட்டுந்தான்."

யாரும் சிரிக்கலை. பிரவீனன் என்னைப் பாக்கலை, சேரைத்தான் பாத்தான், குடுத்ததைத் திருப்பிக் குடுக்கிற மாதிரி ஒரு பார்வை. யாரு எடுத்து யாருகிட்டக் குடுத்தாங்கன்னு அப்ப எனக்கு வெளங்கிருச்சு. ஜெஸீம் நானா கதவுப் பக்கம் நின்னு பாத்துக்கிட்டு இருந்தாரு.

கூட்டத்தைக் கலைச்சுட்டு சேர் என்னை அறைக்குள்ள கூப்பிட்டாரு. அப்பவும் குரல் ஏறலை.

"பிள்ளை, இது ஒரு தவறு. பெரிசாக்க வேண்டாம். ரெண்டு பேற்ற பேரையும் போடுவம். பிரவீனன்ர பேர் முதல், உம்மட பேர் பிறகு. கூட்டு வேலை எண்டு சொல்லுவம். உம்மட நிரந்தர நியமனமும் என்ர மேசையிலதான் கிடக்கு."

"எங்க தோட்டத்துல இதுக்கு அரைப்பேர்னு சொல்லுவாங்க சேர். எங்கம்மா அதை வாங்கிக்கிட்டு வந்து அழுவா. எனக்கு முழுப்பேர் வேணும்."

"நீர் யோசிச்சுப் பேசும்."

"ரொம்ப நாளா யோசிச்சுத்தான் பேசுறேன்."

வெளிய வந்தா ஷம்ரா என் ஃபோனை வச்சுக்கிட்டு நிக்கிறா. "தெரையில இருந்த படத்தை நானே எடுத்துக்கிட்டேன், உங்க ஃபோன்ல இருக்கிற வெள்ளைப் படத்தையும் எனக்கு அனுப்பிக்கிட்டேன் மிஸ், கோவிக்காதீங்க. ராவைக்கே செய்தி போகும்"னா. கோவிக்கிறதாவது. அவளைக் கட்டிப் பிடிச்சு அழுதுட்டேன். அழுதுக்கிட்டே, இவ ஒழுங்கா போடுவாளான்னும் ஒரு பக்கம் நெனைச்சேன்.

ஒழுங்காத்தான் போட்டா. அதுக்குப் பொறகு சேருக்கு வேற வழி இல்லாமப் போச்சு. அறிக்கை என் பேர்ல போச்சு, நான் எடுத்த தேதியோட. விசாரணைன்னு சொன்னாங்க, இன்னும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்காங்க. நிரந்தர நியமனம் இன்னும் அந்த மேசையிலதான் கெடக்கு. பிரவீனன் என்னைக் கண்டா "மிஸ்"ங்கிறான். ஜெஸீம் நானாகிட்ட மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க மிஸ்"னாரு. ஆனா எம் பையை இன்னும் பாக்குறாரு, சேர் வேணாம்னு சொல்லலையாம்.

அம்மா ஃபோன் எடுத்தா. "பேரு போட்டாங்களா?"

"போட்டாங்கம்மா."

"முழுசாவா?"

"முழுசாத்தான்."

"நாளைக்கு மாத்திற மாட்டாங்களே?"

"மாத்த முடியாதும்மா. உலகம் முழுக்கப் போயிருச்சு."

"எதுக்கும் பாத்துக்க"ன்னு சொல்லிட்டு வச்சுட்டா.

மழை விட்டதும் திரும்பக் கெமராவைத் தொடைக்கச் சொன்னாரு சேர். மாட்டேன்னு சொல்லலை. கழட்டித் தொடைச்சேன். அப்பறம் பலகை இடுக்குல விரலை வச்சு, ஒரே ஒரு பொட்டுத் தூளை எடுத்து, கண்ணாடியில எனக்குத் தெரிஞ்ச ஒரு எடத்துல ஒட்டினேன். அதே தூளோட துணிப்படம் எடுத்து வச்சுக்கிட்டேன், என் வேலைக்கு அது எடைஞ்சல் இல்லை. ஒவ்வொரு தடவை தொடைக்கைக்கயும் எடத்தை மாத்துறேன்.

சேர் இந்தத் தடவை தானே சரிபாக்க வந்தாரு. கண்ணாடியை வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பிடிச்சு, ரொம்ப நேரம் பாத்தாரு.

"இதில ஒண்டு கிடக்குதே, பிள்ளை."

"கெடக்கட்டும் சேர்"னேன்.